ஆரம்பிக்கும் தேதி

பஸ் நகர ஆரம்பித்த பிறகுதான் அவர் ஏறுவார். ஓடி வந்து ஏறுவார் என்று நினைத்துவிடாதீர்கள். நடந்துதான் வருவார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காலை ஐந்து நாற்பதுக்கு நான் கம்பெனி பஸ்ஸை எடுக்க வேண்டும். ஐந்தரைக்கே நாற்பது பேர் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். நான் முதல் கியரைப் போடுவேன். சக்கரம் அரைச் சுற்று சுற்றும். அவர் கால் படியில் இருக்கும். எந்தச் சந்திலிருந்து வந்தார் என்றே தெரியாது. வந்தவர் நேராக என் பக்கத்தில் இன்ஜின் மூடி மேல் உட்கார்ந்து, "போலாம் அண்ணாச்சி" என்பார். நான் ஏதோ அவர் உத்தரவுக்காக நின்றிருந்த மாதிரி.

"பத்து நிமிசம் முன்னாடி வந்தா இன்னா தம்பி, கொறஞ்சா பூடுவ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முன்னாடி வந்து என்ன செய்ய அண்ணாச்சி? இங்கன நிக்கணும். சும்மா நிக்கது ஸ்டாக் மாதிரி. ஸ்டாக் வச்சாலே நட்டம்தான்."

"லேட்டா பூட்சின்னா?"

"ஆகாது. ஆச்சுன்னா எடுத்துட்டுப் போயிட்டே இருங்க. எனக்காக ஒரு நாளும் நிக்கக் கூடாது."

பெரியவளே, போன மாதம் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கு எப்போது படிக்க ஆரம்பிக்க வேண்டும், இந்த இரண்டாம் வருஷத்திலேயா, கடைசி வருஷம் போதுமா என்று. பத்தாவதோடு நின்றவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் முழுக்கக் கணக்குப் போட்ட மனிதரை எனக்குத் தெரியும். அவரைப் பற்றி எழுதுகிறேன். உன் தம்பியும் படிக்கட்டும். எழுதலாமா என்று அவரைக் கேட்கவில்லை, அதனால் பெயரை விட்டுவிடுகிறேன்.

சங்கரன்கோவில் பக்கத்து ஆள். பி.எஸ்சி. கணக்குப் படித்துவிட்டு, ஒரகடத்தில் காருக்கு பிரேக் செய்கிற கம்பெனியில் ஸ்டோரில் இருந்தார். அவர் வேலை என்னவென்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஒருநாள் அவரே சொன்னார். லைனில் நிற்கிற ஆள் கையை நீட்டும்போது போல்ட்டு அங்கே இருக்க வேண்டும். அரை மணி முன்னால் கொண்டுபோய் வைத்தால் இடத்தை அடைக்கும், தூசி படியும், துருப்பிடிக்கும். அரை நிமிஷம் பிந்தினால் லைன் நின்று மேலே சிவப்பு விளக்கு எரியும். இரண்டுக்கும் நடுவில் கொண்டுபோய் வைக்கிறதுதான் அவர் வேலை. நாலு வருஷத்தில் அவரால் ஒரு தடவைகூட அந்தச் சிவப்பு விளக்கு எரிந்ததில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

அந்த வேலை அவருக்கு எட்டு மணி நேரத்தோடு முடிகிறதாக இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலேயே ஆறு பையன்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நான் பன்னிரண்டே முக்காலுக்குப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை. "ஒரு மணிக்குத்தானே அண்ணாச்சி சொன்னேன்" என்றார், நான்தான் தப்பு செய்த மாதிரி. ஒரு மணிக்குக் குக்கர் அடங்கி, அப்பளம் பொரிந்து, எல்லாமே ஒரே நேரத்தில் இலைக்கு வந்தது. சாப்பாடு அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் அந்தக் கால் மணி நேரம் காலி அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் மறக்கவில்லை.

வாலாஜாபாத்தில் நடந்த கல்யாணத்தைக் கேளுங்கள். அவரோடு வேலை பார்த்த பையனுக்குக் கல்யாணம். மாலை வாங்கி வருகிற பொறுப்பை இவரிடம் விட்டார்கள். முகூர்த்தம் ஏழரைக்கு. ஏழு மணி ஆகிறது, மாலையைக் காணோம். ஏழு இருபது. பெண்ணின் அம்மா மண்டப வாசலுக்கும் மேடைக்கும் நடந்து நடந்து வியர்த்துப்போனார். ஏழு இருபத்தாறுக்கு ஆள் வருகிறார், இரண்டு கையிலும் மாலை, அதில் தண்ணீர்கூடச் சொட்டுகிறது. "நேத்தே வாங்கியிருந்தா வாடிப்போயிருக்கும்லா" என்றார். அந்த மாதிரி மாலையை யாரும் பார்த்ததில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். பெண்ணின் அம்மா மட்டும் அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. பந்தியில் அவர் இலைக்கு வந்தபோதும் திரும்பிக்கொண்டார்.

இப்படிப்பட்டவர் நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன் என்றார். ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். ஊரில் அவர்களுக்குப் பலசரக்குக் கடை. அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்குத் துபாயில் வேலை அமைந்து, அடுத்த வருஷம் கிளம்புவதாக இருந்தது. அதற்குள் இவர் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் கடையை வேறு ஆளிடம் விட அப்பா சம்மதித்திருந்தார். சேரவில்லையென்றால் இவர்தான் போய்க் கடையில் உட்கார வேண்டும். வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள்.

தேர்வு நவம்பர் கடைசியில். தைப் பொங்கல் முடிந்த வாரமே அவர் ஒரு தாளை எடுத்து, இன்ஜின் மூடி மேல் வைத்துக் கணக்குப் போட்டார். படிப்பதற்கு அல்ல, எப்போது படிக்க ஆரம்பிக்க வேண்டும் என்பதற்கு. மொத்தம் முந்நூறு மணி நேரம் வேண்டும். காலை ஷிப்ட் வாரத்தில் தினம் மூன்று மணி கிடைக்கும், மதிய ஷிப்டில் நாலு, இரவு ஷிப்டில் ஒன்றும் தேறாது. அவர்கள் ஷிப்ட் மாறினால் என் வண்டி நேரமும் கூடவே மாறும். பண்டிகை, ஊருக்குப் போகிற நாள், காய்ச்சலுக்கு என்று இரண்டு நாள், எல்லாம் கழித்துப் பின்னாலிருந்து முன்னால் எண்ணிக்கொண்டே வந்தார். ஜூலை மூன்றாவது திங்கட்கிழமையில் வந்து நின்றார்.

"அன்னைக்குத்தான் ஆரம்பம்."

"அதுவரிக்கும்?"

"தொடக் கூடாது."

அதே பஸ்ஸில் வல்லத்தில் ஏறுகிற மகா என்ற பெண் இருந்தாள். அங்கேயே நிலம் நீச்சு உள்ள குடும்பம். அதே கம்பெனியில் பிரேக்கைச் சோதித்துப் பார்க்கிற இடத்தில் வேலை. அவளும் அதே தேர்வுக்குத்தான் படித்தாள். பொங்கலுக்கே ஆரம்பித்துவிட்டாள். மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து இங்கிலீஷ் வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டே வருவாள்.

"இன்னா ஸ்டோர் சாரு, உங்க பொஸ்தகம் பொறந்துச்சா இல்லியா?" என்பாள்.

"ஜூலையில பொறக்கும்."

"அதுக்குள்ள எங்களுக்குப் பேரப்புள்ளயே பொறந்துடும்."

பஸ் முழுக்கச் சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். ஒருநாள் அவள் புத்தகத்தை வாங்கி, போன மாதம் படித்த பக்கத்திலிருந்து பத்து வார்த்தை கேட்டார். ஏழு அவளுக்கு மறந்துவிட்டது.

"பாத்தியா? இப்பமே துருப்பிடிச்சிருச்சு. இதுக்குத்தான் முன்கூட்டி வாங்கி அடுக்கக் கூடாதுன்னு சொல்லுதேன்."

"தொடச்சா பூடும் சார் துரு. சாமானே இல்லன்னா எத்தத் தொடைக்கிறது?"

எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரிதான் பட்டது. ஆனால் மார்ச் போய் ஏப்ரல் வந்தது, மே போனது, பதறியது நான்தான். காலையில் வண்டி எடுக்கும்போது அவருக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுவேன். இரவில் உங்கள் அம்மாவிடம் புலம்புவேன். "யாரோ படிக்கிறதுக்கு நீ ஏன்யா பொரண்டு பொரண்டு படுக்கிற?" என்பாள். ஒரு ஆள் ரோட்டின் நடுவில் அசையாமல் நிற்கிறார், தூரத்தில் லாரி வருகிறது, வருவது தெரிந்தே நிற்கிறார் என்றால் பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

ஜூலை மூன்றாவது திங்கட்கிழமை வந்தது. சக்கரம் அரைச் சுற்று சுற்றியது, ஏறினார், உட்கார்ந்தார், பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதைப் பல்லால் கடித்துக் கிழித்தார். பின் சீட்டுப் பையன்கள் கை தட்டினார்கள். மகா குலவை போட்டாள்.

ஆனால் அவர் படித்த படிப்பு இருக்கிறதே, அதற்குப் பிறகு யாரும் கேலி பேசவில்லை. சதவீதக் கணக்கு ஐந்து நாள் என்று எழுதியிருந்தால் ஐந்தாம் நாள் வண்டி கம்பெனி வாசலில் நிற்கும்போது கடைசிக் கணக்கில் கோடு போடுவார். ஒரு நாள் கூடியதில்லை, குறைந்ததில்லை. ஒரகடம் சந்திப்பில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டி எல்லாரும் சலித்துக்கொள்வோம். அவர் தலை நிமிராது. செப்டம்பரில் மகாவே எழுந்து வந்து அவரிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தாள். எனக்கு நிம்மதி வந்தது. இந்த மனிதர் போட்ட கணக்குத்தான் சரி, நாமெல்லாம் வீணாகப் பதறுகிற ஜனம் என்று நினைத்துக்கொண்டேன்.

விண்ணப்பம் போடுகிற விஷயம் மட்டும் மனதில் நெருடியது. மகா அதை முதல் வாரமே போட்டுவிட்டாள். இவர் கடைசி நாளைக் குறித்து வைத்திருந்தார். சாயங்காலம் ஐந்து மணியோடு மூடிவிடுவார்கள். ஷிப்ட் மூன்று மணிக்கு விடும். மூன்று பத்துக்கு நம் பஸ். மூன்று ஐம்பதுக்கு ஸ்ரீபெரும்புதூர். நாலு மணிக்கு பிரவுசிங் சென்டரில் சொல்லி வைத்திருக்கிறது. போட்டோ, கையெழுத்து, சர்ட்டிபிகேட் எல்லாம் அங்கே தயார்.

"இப்பவே போட்டா இன்னாய்யா?" என்றேன்.

"ஐஞ்சு மணி வரைக்கும் வாங்குதோம்னு அவங்கதானே சொல்லியிருக்காங்க. முன்னாடி போட்டா என் ஃபார்ம் அங்க சும்மா கிடக்கும். கிடந்து என்ன செய்ய?"

அந்த நாள் வந்தது. மூன்று மணிக்கு ஷிப்ட் விட்டது. போனை யாரும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, வாசலில் உள்ள பெட்டியில் வைத்துவிட்டுப் போய், வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்தவர்கள் எல்லாம் வந்து பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். மணி மூன்று ஒன்பது. வாசலில் வண்டிகளைக் கவனிக்கிற அதிகாரி கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு நிற்கிறார். அதற்கு முந்தின மாதம் நான் இரண்டு தடவை லேட்டாக எடுத்துவிட்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தேன். மூன்றாவது தடவை என்றால் ரூட்டிலிருந்து எடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

"அண்ணே, ஸ்டோர் சாரு வரல. இன்னிக்குத்தான் அவருக்கு ஃபார்ம் கடைசி நாளு," என்றாள் மகா.

"பத்தாயிடுச்சும்மா."

"ரெண்டு நிமிசம் ணா."

பின்னாலிருந்து, "எடு டிரைவரே, வூட்டுக்குப் போக வாணாமா?" என்று குரல்.

எடுத்தேன். சக்கரம் அரைச் சுற்று சுற்றியது. படியில் கால் இல்லை. கேட்டைத் தாண்டி உள்ரோட்டில் திரும்பும்போது இடது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அவர் ஓடி வந்துகொண்டிருந்தார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு கையில் போன், ஒரு கையில் பை. நம் வீட்டிலிருந்து தண்ணீர் டேங்க் எவ்வளவு தூரமோ அவ்வளவுதான் இருக்கும். பிரேக்கை மிதித்தால் போதும்.

நான் மிதிக்கவில்லை.

"வராரா ணா? கண்ணாடில பாருங்க," என்றாள் மகா.

"யாரும் இல்லம்மா," என்றேன்.

அதிகாரி பார்க்கிறார் என்ற பயம் இருந்தது. வேலை போய்விட்டால் உங்கள் பள்ளிக்கூடம் என்னாவது என்ற பயம் இருந்தது. எனக்காக நிற்காதே என்று அவரே சொன்னதும் காதில் இருந்தது. இதையெல்லாம் பல வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் முழுதாகச் சொல்ல வேண்டும் என்றால் இன்னொன்றும் இருந்தது. ஒரு நாள் இவரும் பட்டுப் பார்க்கட்டும் என்று ஒரு நினைப்பு. ஒரு நொடிதான். கால் பிரேக்குக்குப் போகாமல் நின்ற நொடி அதுதான்.

மறுநாள் காலை வழக்கம் போல ஏறினார், உட்கார்ந்தார். நான் கேட்காமலே சொன்னார். மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது தப்பான போல்ட்டு ஒரு பெட்டி லைனுக்குப் போய்விட்டதாம். இவரே உட்கார்ந்து கையால் பொறுக்கி மாற்றிக் கொடுத்திருக்கிறார். "லைன் நிக்கல அண்ணாச்சி" என்றார். பஸ் போன பிறகு மெயின் ரோடு வரை நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, சந்திப்பில் லாரிக்கு நடுவில் மாட்டி, நாலே முக்காலுக்குத்தான் பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கிறார். கடைசி நாள் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டதில் விண்ணப்பப் பக்கமே திறக்கவில்லை. நாலு ஐம்பத்தெட்டுக்குத் திறந்து, பெயரை அடித்து முடிப்பதற்குள் மூடிவிட்டது. பக்கத்து ஊரில் மழை பெய்ததைச் சொல்கிற மாதிரிச் சொன்னார். சொல்லிவிட்டுப் பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தார்.

"இன்னும் இன்னாத்துக்கு தம்பி படிக்கிற?"

"நவம்பர் வரைக்கும் பிளான் போட்டாச்சுல்லா. நடுவுல எப்படி நிறுத்த?"

படித்தார். எழுத முடியாத தேர்வுக்கு நவம்பர் கடைசி வரை தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார். ஒரு கணக்கைக்கூட விடவில்லை. பின் சீட்டுப் பையன்கள் பாட்டுப் போடுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டு மாதமும் நான் ஓட்டின வண்டி மாதிரி கனத்த வண்டியை நான் ஓட்டியதில்லை. பல தடவை வாயைத் திறந்தேன். வல்லம் வரும், மகா ஏறுவாள், மூடிக்கொள்வேன்.

தேர்வு முடிந்த திங்கட்கிழமை, மகா ஞாபகத்திலிருந்து கேள்விகளைச் சொன்னாள். அவர் இன்ஜின் மூடி மேல் உட்கார்ந்து வரிசையாக விடை சொல்லிக்கொண்டே வந்தார். ஆறாவது கேள்வியோடு மகா நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஏன், அடுத்தது என்ன?" என்று கேட்டார். அவளுக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது, போனாள், இப்போது நல்ல நிலையில் இருக்கிறாள்.

பொங்கல் கழிந்து அவர் ஊருக்குக் கிளம்பினார். கடைசி நாள் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா ஓட்டுனீங்க அண்ணாச்சி. ஒரு நாளும் டைம் பிசகல," என்றார். அது நன்றியா, குத்தலா? ஆறு வருஷமாக அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மணிமங்கலத்தில் நம் வீட்டு வாசலில் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நான் சும்மா நின்றிருப்பதைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்களே, அப்போதெல்லாம் இதுதான்.

நீ அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு மகாவிடம் அவர் நம்பரை வாங்கினேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டேன். பின்னால் கடைச் சத்தம். குரலைக் கேட்டதும், "அண்ணாச்சியா? வல்லம் தாண்டியாச்சா?" என்றார். உன் விஷயத்தைச் சொன்னேன். உடனே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். எந்த வருஷம், கல்லூரிக்குப் போக வர எத்தனை நேரம், வீட்டு வேலை எதுவும் உண்டா, இங்கிலீஷ் பேப்பர் படிப்பாளா என்று. பழைய ஆள் அப்படியே இருந்தார். கணக்குப் போட்டு, "ஜனவரி முதல் திங்கட்கிழமை ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்றார்.

சரி என்று சொல்லி வைத்திருக்கலாம். வைக்க முடியவில்லை. "தம்பி, அன்னிக்கு நீ ஓடியாந்தத நான் பாத்தேன்," என்றேன். "கண்ணாடில பாத்தேன். பாத்துட்டுதான் போனேன்."

யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுக்கிற சத்தம் கேட்டது.

"தெரியும் அண்ணாச்சி," என்றார். "கண்ணாடியில உங்களுக்கு நான் தெரிஞ்சா எனக்கும் நீங்க தெரியத்தானே செய்வீங்க. உங்க கண்ணைப் பாத்த பெறகுதான் ஓடுறத நிப்பாட்டுனேன்."

நாலு மாதம். நாலு மாதம் அது தெரிந்தே என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

"உங்க மேல கோவம் வரல. அந்த சீட்டுல நான் இருந்திருந்தா நானும் எடுத்திருப்பேன். அது புரிஞ்சதுதான் ரொம்ப நாளைக்கு என்னவோ செஞ்சுச்சு." யாரோ பருப்பு கேட்டார்கள். "ஒரு நிமிசம் நில்லுங்கம்மா," என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, "நான் சொன்ன தேதியை அடிச்சிருங்க. பாப்பா இப்ப எங்க?" என்றார்.

"சாப்பிட்டுகினு கீறா."

"சாப்பிட்டு வரட்டும். நான் இருக்கேன். வந்ததும் போனை அவகிட்ட குடுங்க."

நீ கை கழுவி வரும்வரை அவர் போனை வைக்கவில்லை. உன் கையில் கொடுத்தபோது, போனை ஒரு கையால் மூடிக்கொண்டு, "யாருப்பா?" என்று கேட்டாய். அப்போது என்னால் சொல்ல முடியவில்லை.